நம்ம தெருவுக்கு யார் யார் வந்தார்கள்? கேட்ட கதையைச் சரிபார்த்து எழுதுவது எப்படி

கேள்வி இது: பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு படிப்பகம் ஆண்டு விழா மலர் போடுகிறது. அதில் "நம் பகுதிக்கு வந்த பெரியவர்கள்" என்று பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தெருத் தெருவாகக் கேட்டதில் காந்தி, நேதாஜி, அம்பேத்கர், குத்துச்சண்டை வீரர் முகமது அலி, சத்ரபதி சிவாஜி என்று பட்டியல் நீண்டுவிட்டது. இரண்டு மூன்று தெருக்கள் ஒரே ஆளை "எங்க தெருவுக்குத்தான் வந்தாரு" என்கின்றன. எதைப் போடலாம், எதை எப்படிச் சரிபார்ப்பது?

இந்த ஐந்து பேரும் சென்னைக்கோ சென்னையைச் சுற்றியுள்ள சீமைக்கோ வந்தவர்கள்தான். வடசென்னையில் கேட்கக் கிடைக்கும் கதைகளில் வந்த ஆள் பொய்யாக இருப்பது குறைவு. இடம்தான் நகரும். கடற்கரையில் பேசியவர் மகன் வாய்க்கு வரும்போது மின்ட் வரை வந்திருப்பார். பேரன் வாயில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். ஆகவே தேடும்போது முதலில் தெருவை விட்டுவிடுங்கள். அந்த ஆள் சென்னைக்கு எந்தெந்த வருஷம் வந்தார், எத்தனை நாள் இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த நாட்களுக்குள் உங்கள் தெரு எங்கே பொருந்தும் என்று பாருங்கள். தெருவில் தொடங்கினால் ஆறு மாதம் அலைந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது, "வந்தார்" என்ற சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அதில் ஐந்து படி இருக்கிறது: வழியாகப் போனார், இறங்கினார், பேசினார், சாப்பிட்டார், தங்கினார். ஒவ்வொரு வாய் மாறும்போதும் கதை ஒரு படி ஏறும். எண்ணூருக்கோ திருவொற்றியூருக்கோ காரில் போன தலைவரை நெடுஞ்சாலை ஓரம் நின்று கையாட்டியவர்களின் பேரன் "தாத்தா வீட்ல சாப்ட்டாரு" என்பான். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, கதை தானாக ஏறும். எனவே குறிப்பேட்டில் ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் படி எண்ணை எழுதுங்கள். ஒரே சம்பவத்தைச் சொல்லும் இருவர் வெவ்வேறு படி சொன்னால் கீழ்ப்படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேதாஜியை எடுத்துக்கொள்வோம். 1939 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, அவர் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ஐரோப்பாவில் போர் தொடங்கிய செய்தி வந்த மாலைப் பத்திரிகை அவர் கைக்குப் போனது. அவரே இதை எழுதியிருக்கிறார். பூக்கடைப் பக்கம் கேட்டால், "போஸ் ரோட்டுல நடந்து வந்தாரு, அதான் அந்தப் பேரு" என்பார்கள். அந்தச் சாலையின் பழைய பெயர் சைனா பஜார் ரோடு. போஸ் பெயர் பின்னால் மரியாதைக்காக வைத்தது. தெருப்பெயர், சிலை, மன்றத்தின் பெயர் மூன்றும் ஒருவர் வந்ததற்குச் சான்று ஆகாது. சிலை திறக்க வந்தவரையும் சிலையாக நிற்பவரையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கம்.

காந்திக்குத் தேடுவது சுலபம், ஏனென்றால் அவருடைய நாட்கள் கிட்டத்தட்ட முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. அரசு வெளியிட்ட அவரது எழுத்துத் தொகுப்பு 100 தொகுதி. பல தொகுதிகளின் கடைசியில் அந்தக் காலத்துக்குரிய நாள்வரிசை இருக்கும்: இன்ன தேதி இன்ன ஊர், இன்ன கூட்டம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை என்று வரும் நாட்களை மட்டும் பிரித்து எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வடசென்னைக்கு நெருக்கமான இரண்டு வருகைகள் உண்டு. 1896 அக்டோபர் 26 அன்று பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் நிலைமை பற்றிப் பேசினார். நேட்டாலில் முதலாளியிடம் அடிவாங்கிப் பல் உடைந்து அவரிடம் வந்த பாலசுந்தரம் தமிழர் என்பதால் இங்கே உருக்கம் அதிகம். அந்த நிலைமையைப் பற்றித் தானே எழுதிக் கையோடு கொண்டுவந்த பச்சை அட்டைப் புத்தகத்தை இங்கேயே மறுபடி 10,000 பிரதி அடித்ததாக அவர் எழுதியிருக்கிறார். அப்புறம் 1915 ஏப்ரலில் கஸ்தூரிபாவோடு வந்து ஜார்ஜ் டவுனில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். ஏப்ரல் 17-இல் வந்து மே 8 வரை சென்னையை மையமாக வைத்துச் சுற்றினார். மூன்றாம் வகுப்பில் வந்ததால் வரவேற்கப் போனவர்கள் முதல் வகுப்புப் பெட்டிகளில் தேடி ஏமாந்ததும், வண்டிக் குதிரையை அவிழ்த்துவிட்டு மாணவர்களே வண்டியை இழுத்துப் போனதும் அக்காலப் பத்திரிகைச் செய்திகள்.

இங்கேதான் ராயபுரம் ஸ்டேஷன் நுழையும். "காந்தி ராயபுரம் ஸ்டேஷன்லதான் எறங்குனாரு, அப்போ அதான பெரிய ஸ்டேஷன்" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். ராயபுரம் பெரிய ஸ்டேஷன் என்பது உண்மை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. ஆனால் 1907-க்குப் பிறகு அது முனையமாக இல்லை. வண்டிகள் சென்ட்ரலில் முடிந்தன. 1915-இல் வடக்கேயிருந்து வந்தவர் ராயபுரத்தில் இறங்கியிருக்க வழியில்லை. இம்மாதிரி ஒரே ஒரு போக்குவரத்துத் தகவல் பத்துப் பேட்டிக்குச் சமம்.

வயதுக் கணக்கும் போடுங்கள். காந்தி கடைசியாகச் சென்னைக்கு வந்தது 1946 ஜனவரியில், தி. நகர் இந்தி பிரசார சபாவின் வெள்ளி விழாவுக்கு. அப்போது 5 வயது என்றால்கூடப் பிறந்த வருஷம் 1941. "நானே பாத்தேன்" என்பவர் அதற்குப் பின் பிறந்தவராக இருந்தால் அவர் பார்த்ததைச் சொல்லவில்லை, நைனா சொன்னதைச் சொல்கிறார். அதுவும் தேவைப்படும் தகவல்தான், ஆனால் "கண்டவர்" வரிசையில் வராது.

முகமது அலி 1980-இல் வந்தார். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர் பார்க்க வந்திருந்தார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை போட்ட ஊர் என்பதால் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி எல்லாம் அன்று பெரியமேட்டில்தான் இருந்தன. ஆகையால் "அலிய நேர்ல பாத்தேன்" என்று சொல்பவரை நம்பலாம். "அலி எங்க ஏரியாவுக்கு வந்தாரு" என்பதை மட்டும் தனியாக எடுத்துத் தோண்டவேண்டும். கேட்கவேண்டியது இவை: டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், யாரோடு போனீர்கள், திரும்பும்போது எந்த பஸ். ஸ்டேடியத்தை அவர் கூரையோடு சேர்த்து இன்றைய தோற்றத்தில் விவரித்தால் நினைவில் வேறொரு நாள் கலந்திருக்கிறது. பழைய ஸ்டேடியத்தை இடித்துக் கட்டியது 1993-இல்.

அம்பேத்கர் 1944 செப்டம்பரில் வந்தபோது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். ஒரே பயணத்தில் பல அமைப்புகள் வரவேற்புக் கொடுத்தன. பிராட்வே பிரபாத் டாக்கீஸில் பகுத்தறிவுச் சங்கம் ஏற்பாடு செய்த கூட்டத்தில் பேசினார். வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே போகும் தூரம் என்பதால் உங்கள் பகுதிப் பெரியவர்களின் வீட்டுக் கதைகளில் இந்தக் கூட்டம்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். "சினிமாக் கொட்டாய்ல பேசுனாரு" என்று யாராவது சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இட்டுக்கட்டுபவர் மைதானம் என்பார், மேடை என்பார். சினிமாக் கொட்டகை என்று சொல்லத் தோன்றாது.

சிவாஜியை வேறு விதமாகக் கையாள வேண்டும். தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலில் 1677 அக்டோபர் 3 அன்று அவர் வழிபட்டார் என்பது கோயில் மரபு. அதே ஆண்டில் அவர் செஞ்சியைப் பிடித்து வேலூரை முற்றுகையிட்டதும், மே மாதம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்த ஆங்கிலேயருக்கு ஆள் அனுப்பி மருந்துக் கற்களும் விஷமுறிவு மருந்தும் கேட்டதும் கோட்டைப் பதிவேட்டில் உள்ள செய்திகள். அதாவது ஆள் இந்தச் சீமையில் இருந்தார், தகவல் போய்வந்தது. கோயிலுக்குள் வந்தது மரபு சொல்வது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டாமல் இரண்டு வாக்கியமாக எழுதினால் கோயில்காரருக்கும் வருத்தமில்லை, படிப்பவருக்கும் குழப்பமில்லை. தேதிகளை ஒப்பிடும்போது ஒரு சிக்கல் உண்டு. 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். 1677-இல் அது இன்றைய கணக்குக்கு 10 நாள் பின்தங்கும். அவர்களுக்குப் புத்தாண்டும் மார்ச் 25-இல்தான். ஜனவரி, பிப்ரவரி மாதப் பதிவு என்றால் வருஷமே ஒன்று குறைவாக இருக்கும். இது தெரியாமல் பஞ்சாங்கத்தைப் போட்டுப் பார்த்துக் "கிழமை உதைக்குது" என்று நல்ல ஆவணத்தைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

இனி, பேட்டி. "காந்தி வந்தாரா தாத்தா?" என்று கேட்டால் "வந்தாரே" என்றுதான் பதில் வரும். "நம்ம தெருவுக்குப் பெரிய ஆளுங்க யாராச்சும் வந்ததுண்டா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெயரை அவர்தான் சொல்லவேண்டும். டீக்கடை பெஞ்சில் நான்கு பேரை ஒன்றாக வைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதும் மற்ற மூவரின் நினைவும் அதற்கு வளைந்துவிடும். நாலு பேட்டி எடுத்த திருப்தி இருக்கும், சாட்சி ஒன்றுதான். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். ஆயாக்கள் கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டார்கள், ஆனால் அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்த வீட்டு நாற்காலி மேடைக்குப் போனது, திரும்பி வந்ததா என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கும். நாற்காலி யார் வீட்டிலிருந்து போனது என்று தெரிந்தால் மேடை எங்கே போட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

பதிவு செய்ய போன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து இரண்டு சாண் தூரத்தில் துணி மேல் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தமெல்லாம் இடிபோல விழும். மின்விசிறிச் சத்தம்தான் பெரிய எதிரி. அதை நிறுத்த முடியாத வெயில் காலத்தில் காலை 7 மணிக்கே போய்விடுங்கள். ஆடி மாதம் மாலையில் போகவே போகாதீர்கள், கூழ் ஊற்றும் மைக் செட்டில் ஒன்றும் தேறாது. தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், பதிவு செய்யச் சம்மதம் ஆகிய நான்கையும் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். 40 நிமிஷத்துக்கு மேல் போனால் அவர் களைத்து, நீங்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லத் தொடங்குவார். எழுதி எடுக்கும்போது அவர் பேச்சை இலக்கணப்படுத்த வேண்டாம். "எறங்குனாரு" என்றால் "எறங்குனாரு"தான்.

வருஷத்தை நேராகக் கேட்டால் எல்லோரும் "ஒரு அறுவத்தஞ்சு இருக்கும்" என்பார்கள். அதை விட்டுவிட்டு, அவர்களுக்கே தெரிந்த முளைக்குச்சிகளில் கதையைக் கட்டுங்கள். அப்போ டிராம் ஓடிச்சா? சென்னையில் டிராம் 1953 ஏப்ரலோடு நின்றது. 'எவாக்குவேஷ'னுக்கு முன்னாடியா பின்னாடியா? ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலி செய்து ஓடியது 1942 ஏப்ரல். டிக்கெட் அணாவிலா நயா பைசாவிலா? மாறியது 1957 ஏப்ரல் 1. எம்.ஜி.ஆருக்குத் துப்பாக்கிச் சூடு 1967 ஜனவரி 12. அண்ணா மறைவு 1969 பிப்ரவரி 3. இரட்டை நிறக் கொடியில் அண்ணா படம் பார்த்தேன் என்றால் 1972 அக்டோபருக்குப் பின். டிவி பெட்டி வந்துவிட்டதா? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15. இதோடு அவர் கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது, மில் வேலையில் சேர்ந்தது ஆகிய மூன்றையும் சேர்த்தால் இரண்டு வருஷத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பேட்டியைவிடக் கெட்டியான சரக்கு பழைய பிட் நோட்டீஸ். பீரோ அடித்தட்டிலும் பழைய ராமாயணப் புத்தகத்துக்குள்ளும் மடித்து வைத்திருப்பார்கள். ஆனால் நோட்டீஸ் அடிக்கிறவன் தேதியும் கிழமையும் போடுவானே தவிர வருஷம் போடமாட்டான், அடுத்த வாரத்துக் கூட்டத்துக்கு வருஷம் எதற்கு என்று. ஒரு நோட்டீஸில் "செப்டம்பர் 18 ஞாயிறு மாலை, ராபின்சன் பூங்கா" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பதுகள் முதல் அறுபதுகள் வரை செப்டம்பர் 18 ஞாயிறாக வருவது 1949, 1955, 1960, 1966. நான்கில் ஒன்று. அடுத்து முகவரியைப் பாருங்கள். "சென்னை-13" என்று தபால் வட்ட எண் மட்டும் இருந்தால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. "600 013" என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும், ஏனென்றால் பின்கோடு வந்த பிறகும் அச்சாபீஸ்காரர்கள் பல வருஷம் வட்ட எண்ணையே போட்டார்கள். நன்கொடைத் தொகை அணாவில் இருந்தால் 1957-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ. எழுத்தையும் பாருங்கள்: லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வளைத்த பழைய வடிவில் இருந்தால் 1978 சீர்திருத்தத்துக்கு முன்பாக இருக்க வாய்ப்பு. ஆனால் சிறிய அச்சாபீஸ்கள் பழைய ஈய எழுத்தைத் தூக்கிப்போடவில்லை, தேயும்வரை ஓட்டின. மறுபக்கம், பெரியாரின் 'விடுதலை' 1935 முதலே புதிய வடிவில் வந்தது, அவர் இயக்க நோட்டீஸ்களிலும் அதே கதைதான். எனவே புதிய எழுத்தைப் பார்த்ததும் எண்பதுகள் என்று முடிவு கட்டாதீர்கள். கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அப்போதிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி போட்டாக வேண்டியிருந்தது. அந்த அச்சகம் எப்போது திறந்து எப்போது மூடியது என்பதைத் தெருவில் விசாரித்தால் நான்கு வருஷம் ஒன்றாகச் சுருங்கும்.

மேலே சொன்ன தேதியை வேண்டுமென்றேதான் எடுத்தேன். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. கட்சி உருவானது 17 என்று ஒருவர், 18 என்று ஒருவர் சண்டை போடுவார்கள். இருவரும் சரி: 17 சனிக்கிழமை பவளக்காரத் தெரு 7-ஆம் எண் வீட்டில் கூடி முடிவெடுத்தார்கள், மறுநாள் பூங்காவில் கூட்டம். "மழையில நனைஞ்சிக்கினே கேட்டோம்" என்பவர் இரண்டாம் நாளுக்குச் சாட்சி.

புகைப்படம் காட்டினால் முகத்தைப் பார்க்குமுன் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு அங்கேதான். கடல் காற்றில் வடசென்னை வீடுகளில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். அப்படியானால் சட்டத்தைக் கழற்றவே கூடாது, படத்தின் பூச்சு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, எதிரே கறுப்புத் துணியை விரித்து மறைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். கழற்ற முடிந்த படம் என்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ. இன்னொன்று: தலைவரோடு நம்மூர்க்காரர் மாலையோடு நிற்கும் படம் இருவரும் சந்தித்தார்கள் என்பதைத்தான் காட்டும். நம்மூர்க்காரர் அவரைப் பார்க்க மதுரைக்குப் போயிருக்கலாம். பின்னால் தெரியும் சுவர், ஜன்னல், போர்டு ஆகியவற்றில் ஏதாவது உங்கள் பகுதியுடையதா என்று பார்க்காமல் "நம் பகுதியில் எடுத்தது" என்று தலைப்புப் போட வேண்டாம்.

பத்திரிகை தேட எழும்பூர் கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும். கூட்டம் நடந்த நாளுக்கு அடுத்த மூன்று நாள் இதழ்கள் வரை பாருங்கள், வார இதழ் என்றால் அடுத்த இரண்டு வாரம். முந்தின நாள் வந்த "இன்றைய நிகழ்ச்சிகள்" பத்தி, கூட்டம் திட்டமிட்டதற்கு மட்டுமே சான்று. தலைவர் வராமல் போன கூட்டங்கள் எத்தனையோ. சுதந்திரத்துக்கு முந்தைய அரசியல் கூட்டம் என்றால் எழும்பூர் ஸ்டேஷன் எதிரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டெல்லிக்கு அனுப்பிய அறிக்கைகளில் யார் எங்கே என்ன பேசினார் என்று போலீஸ்காரர்கள் எழுதியது இருக்கும். கூட்டத்தைத் திட்டி எழுதியிருப்பார்கள், இடத்தையும் தேதியையும் ஓரளவு சரியாக எழுதியிருப்பார்கள். படிப்பகத்தின் லெட்டர்பேடில் நோக்கத்தை எழுதி, அடையாள அட்டை நகலோடு போங்கள்.

வராத ஆள் ஒருவரும் உங்கள் பட்டியலில் எப்படியும் வந்து சேர்வார்: வெளிநாட்டிலிருந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய செண்பகராமன் பிள்ளை. 1914 செப்டம்பர் 22 செவ்வாய் இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நூறு குண்டுக்கு மேல் போட்டது. உயர் நீதிமன்ற மதில் பக்கம் கல்வெட்டு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் கப்பலில் செண்பகராமன் இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்பது ஊரறிந்த கதை. கப்பலின் பாதையைப் பாருங்கள்: சீனாவின் சிங்தாவோவில் இருந்து புறப்பட்டு பசிபிக் வழியாக வங்காள விரிகுடாவுக்கு வந்தது, நடுவில் எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் தொடவில்லை. செண்பகராமன் அந்த மாதங்களில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் இருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். ஏறுவதற்கு வழியே இல்லை. ஆனாலும் இதை மலரில் இருந்து நீக்காதீர்கள். "எம்டனில் அவர் இருந்தார் என்று வடசென்னை நூறு வருஷமாக நம்புகிறது, கப்பல் வந்த பாதை அதற்கு இடம் கொடுக்கவில்லை" என்று போடுங்கள். குண்டு விழுந்த ஊர், தனக்காகத்தான் விழுந்தது என்று ஏன் சொல்லிக்கொண்டது என்பது சுவாரஸ்யமான கேள்வி, அதைப் படிப்பவருக்கு விடலாம்.

பட்டியலில் இல்லாதவர்களைச் சேர்க்கச் சொல்வேன். தெரு எப்போதும் மாலையோடு வந்தவரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பின்னால் புகழடைந்தவர் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச் 1 முதல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர். ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே தன்னைத் துறைமுக எழுத்தர் என்றுதான் சொல்லிக்கொண்டார். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் ஏறியதும் இங்கிருந்துதான். வள்ளலார் ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்து, திருவொற்றியூருக்கு நடந்தே போய்வந்தவர். தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார், சீடர் வீணை குப்பையரோடு திருவொற்றியூர் போய் வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனை பாடினார்: பேகடா, ஆரபி, கல்யாணி, சுத்த சாவேரி, சாவேரி. ஒரு சாமி பேரில் பாட்டு இருந்தால் மட்டும் ஆள் வந்தார் என்று ஆகாது, வராமலும் பாடலாம். இங்கே சீடர் பரம்பரை அந்த ஊரோடே ஒட்டிக்கிடந்ததால் நம்பிக்கை கூடுகிறது.

காலாடிப்பேட்டையையும் விடாதீர்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை, காலெட்பேட்டை, நம் வாயில் காலாடி ஆகிவிட்டது. அவரிடம் வேலை பார்த்த வீரராகவர் காஞ்சிபுரம் வரதராஜர் தரிசனத்தால் தினமும் தாமதமாக வந்ததும், துரை அவரைச் சோதித்துப் பார்த்து வியந்து இங்கேயே கோயில் கட்டிக்கொடுத்ததும் கல்யாண வரதராஜர் கோயில் கதை. குடியேற்றம் பதிவேடு, தரிசனம் கதை. சிவாஜிக்குச் சொன்னது போலவே இரண்டு வாக்கியம்.

இடத்தைக் குறிக்கும்போது கதவு எண்ணில் கவனம். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் உண்டு. நோட்டீஸில் இருக்கும் எண்ணை இன்றைய கதவில் தேடினால் வேறு வீட்டுக்காரருக்குப் பெருமை போய்விடும். ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்து, கோயில், தண்ணீர்ப் பந்தல், கார்னர் மளிகை என்று மாறாத அடையாளத்திலிருந்து எத்தனையாவது வீடு என்று எண்ணுங்கள். "கடற்கரையில கூட்டம்" என்று காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் சொன்னால் அந்த இடம் இன்று தண்ணீருக்குள் இருக்கலாம். துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்ததில் மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே கரை அரித்துத் தெருக்களே போய்விட்டன. இடம் காணோம் என்பதற்காகச் சாட்சியைச் சந்தேகிக்க வேண்டாம்.

அச்சுக்குப் போகும்போது வினைச்சொல்லை மூன்று வகையாகப் பிரித்து, மலர் முழுக்க அதே ஒழுங்கில் வையுங்கள். அக்கால ஆவணம் இருந்தால் "பேசினார்", "தங்கினார்". தனித்தனியாகக் கேட்ட இருவர் ஒத்துச் சொன்னால் "வந்ததாக இன்ன தெருவில் நினைவுகூர்கிறார்கள்", கூடவே பேட்டி எடுத்த மாதமும் வருஷமும். ஒரே குடும்பம் மட்டும் சொன்னால் "இன்ன குடும்பத்தில் வழங்கும் செய்தி". இந்த மூன்றாம் வகைக்குக் குடும்பத்தாரிடம் அச்சுக்கு முன் காகிதத்தில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விழா அன்று மைக் முன்னால் வந்து "எங்க தாத்தா அப்படிச் சொல்லல" என்று ஆரம்பித்தால் சமாளிப்பது கஷ்டம். ஒலிப்பதிவுகளை வருஷம்-மாதம்-தேதி-தெரு என்று பெயரிட்டு, ஒரு பிரதி படிப்பகக் கணினியிலும் இன்னொன்று வேறொருவர் வீட்டு ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள். கணினி தரைத்தளத்தில் இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே மேல்மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.